கற்போனுக்கேற்ற கருமருந்துத் துப்பாக்கி

சென்ற ஆண்டுத் தேர்வுகள் முடிவெய்திய நாளன்று மாலை, பௌதிகச் சாலையின் தாழ்வாரத்தில் மூன்றாம் ஆண்டு மாணவரொருவர் எம்மை அணுகி, "ஐயா, முதன்முதலாகத் துப்பாக்கி வாங்குவோன் எவ்வகைத் துப்பாக்கியை வாங்குதல் நலம்?" என வினவினார். யாம் வியப்புற்று அவரை நோக்க, அவர் தம் கருத்தை விரித்துரைத்தார். அவருடைய குடும்பத்தார்க்குத் திருவில்லிபுத்தூர்க்கு மேற்கே, செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில், மாந்தோப்பு ஒன்று உளது. இரவுதோறும் காட்டுப்பன்றிகள் இறங்கி நிலத்தைக் கிண்டுகின்றன. சில வேளை யானைகளும் வருகின்றன. தோப்பு வீட்டுச் சுவரில், தந்தையார் பெயரில் உரிமம் பெற்ற பழைய துப்பாக்கி ஒன்று பாட்டனார் காலமுதல் தொங்குகிறது. "அது பல ஆண்டுகளாக வெறுந்துப்பாக்கி, ஒருவரும் தொடுவதில்லை. அதற்கு ஈடாக நல்லதொன்று வாங்க வேண்டும். அயல்நாட்டினர் கருமருந்து ரைபிள் கொண்டு குறிபார்த்துச் சுடுதலைப் பந்தயமாக ஆடுகின்றனராமே; அதையே வாங்கினால் தோப்புக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும்" என்றார்.

அன்று அவர்க்கு விடை முழுதும் கூற நேரமில்லை. அவ்வினா பௌதிகம், சரித்திரம், சட்டம் என்னும் மூன்று துறைகளையும் தழுவி நிற்பதாதலின், மாணவர் பிறர்க்கும் பயன்படுமெனக் கருதி விடையை இங்கே எழுதலாயினோம்.

1. கருமருந்தின் இயல்பு

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழி வழியாக வந்ததென்பர். சொல் அயலதாயினும் பொருள் நம் நாட்டிற்குப் புதிதன்று. இராசபாளையத்திற்குத் தெற்கே நெற்கட்டுஞ்செவ்வலில் ஆண்ட பூலித்தேவர்மீது கர்னல் ஹெரான் 1755-இல் படையெடுத்தபோதும், யூசுப்கான் 1761-இல் அவர்தம் கோட்டைகளைக் கைப்பற்றியபோதும், இருதிறத்தாரும் துப்பாக்கி ஏந்தியே பொருதனர். பாளையக்காரர் போர் முடிந்தபின், 1801 டிசம்பர் 1-ஆம் நாள் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதங்களை வைத்திருத்தலை விலக்கிற்று. ஆயுதம் எவர் கையில் இருத்தல் தகும் என்னும் வினா நம் பக்கத்து மண்ணிற்கு அன்றே அறிமுகமாயிற்று.

அக்காலத் துப்பாக்கிகள் அனைத்தும் கருமருந்தால் இயங்கியவை. வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் என்னும் மூன்றன் சேர்க்கையே கருமருந்து. கரியும் கந்தகமும் எரிபொருள். அவை எரிதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்புத் தன்னகத்தே கொண்டுள்ளது. ஆதலின் மூடிய குழலுக்குள்ளும் மருந்து நொடிப்பொழுதில் எரிந்து, வெம்மையுற்ற வாயுவாய் விரிந்து, முன்னிருக்கும் ஈயக்குண்டைத் தள்ளுகின்றது.

இம்மருந்தின் குணங்களுள் கற்போன் மனங்கொள்ளத்தக்கன மூன்று. முதலாவது, எரிந்த பின்னர் இதன் எடையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாகாமல் புகைத்துகளும் கசடுமாக எஞ்சுகின்றது. அக்கசடு காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில், சுட்ட துப்பாக்கியைக் கழுவாமல் ஓரிரவு வைத்தவன் மறுநாட் காலையிலேயே அதன் பயனைக் காண்பான்.

இரண்டாவது, கருமருந்துக்கு ஈடாகப் பிறிதொரு மருந்தை இடுதல் எக்காலும் கூடாது. 1884-இல் பிரான்சு நாட்டுப் பால் வியேல் என்பார் கண்ட புகையில்லா மருந்து, அதே அளவிற் பன்மடங்கு அழுத்தத்தை உண்டாக்குவது. பழைய குழலில் அதனை இட்டால் குழல் பிளந்து, சுடுவோன் கையையும் கண்ணையும் வாங்கிவிடும். சிவகாசி நமக்கு அண்மையிலிருத்தலின் ஒன்று சேர்த்துச் சொல்லுதல் கடமையாகின்றது: பட்டாசுக்குள் இருக்கும் மருந்து வேறு, துப்பாக்கி மருந்து வேறு. பட்டாசைப் பிரித்து அம்மருந்தைக் குழலிலிடுவோன் தன் கைக்குத் தானே வெடி வைப்பவனாவான்.

மூன்றாவது, ஈரம் படாத கருமருந்து நெடுங்காலம் கெடுவதில்லை. குழலுக்குள் கெட்டித்து மறந்த மருந்து, கெட்டித்தவன் இறந்த பின்னும் உயிரோடிருக்கும்.

2. தீயூட்டும் மூவகை

வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியில் முதலில் மருந்தும், அதன்மேற் குண்டும், குழலின் வாய் வழியே இடப்படுகின்றன. மருந்துக்குத் தீ ஊட்டும் முறைபற்றி இவை மூவகைப்படும்.

திரித்துப்பாக்கி மிகப் பழையது. கனலும் திரியொன்றை, விசையை இழுத்தவுடன், பக்கத்துக் கிண்ணியிலுள்ள மருந்தின்மேல் தாழ்த்துவது. 1543-இல் போர்த்துகீசியர் வழியாக ஜப்பானின் தனெகசிமாத் தீவிற் சென்றிறங்கியது இவ்வகையே. கையில் நெருப்பும் இடையில் மருந்துமாக நிற்க வேண்டுதலின், இது கற்போனுக்கு உரியதன்று.

சக்கிமுக்கித் துப்பாக்கி அடுத்தது. குதிரையின் வாயிற் பிடித்த கல், எஃகுத் தகட்டில் உராய்ந்து பொறி சிந்த, அப்பொறி கிண்ணியிலுள்ள மருந்தைப் பற்ற, அத்தீ சிறு துளை வழியே உட்செல்கின்றது. கும்பினிப் படையினர் தோளிற் சுமந்த 'பிரௌன் பெஸ்' இவ்வகையது. காண்பதற்கு அழகியதாயினும், கல் தேய்ந்தாலும், காற்றடித்தாலும், மழை தூறினாலும் தீப்பற்றாது. பற்றினும் கிண்ணித் தீக்கும் குழல் வெடிக்கும் இடையே காலம் தாழ்க்கும். அத்தாழ்வினிடையே குறி அசைவது கற்போன் கைக்கு இயல்பு.

மூன்றாவது கேப்புத் துப்பாக்கி. இதன் தோற்றம் சுவையுடையது. ஸ்காத்லாந்து நாட்டிற் குருவாகத் தொண்டாற்றிய அலெக்சாந்தர் போர்சைத்து என்பார் பறவை வேட்டையில் விருப்புடையவர். கிண்ணித் தீயைக் கண்டமாத்திரத்தில் பறவைகள் தப்பிப் பறத்தலைக் கவனித்து, தட்டினாலே தீப்பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பொருத்தி 1807-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அம்மருந்தைச் சிறு செப்புத் தொப்பியுள் அடைக்கும் முறை வந்தது. அத்தொப்பியே கேப்பு. அதனைக் குழலின் அடியிலுள்ள முளையில் மாட்டிக் குதிரையைத் தட்டவிட்டால், தீ நேரே உட்செல்லும். மழைக்கும் காற்றுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. காலத் தாழ்வும் மிகக் குறைவு. ஆதலின் முதலில் வாங்குவோன் கேப்புத் துப்பாக்கியையே தெரிந்தெடுத்தல் முறை.

3. குழலும் புரியும்

இனி, ரைபிள் எனப்படுவது யாது? குழலின் உட்புறம் வழவழப்பாயிருப்பது ஒருவகை. திருகாணிபோற் சுற்றிச் செல்லும் வரிகள் வெட்டப்பட்டிருப்பது மற்றொருவகை. பின்னதே ரைபிள்; தமிழிற் புரிக்குழல் எனலாம். வழவழப்பான குழலிற் குண்டு தளர்வாகவே கிடத்தலின், இரு பக்கமும் மோதிக்கொண்டு சென்று, வாயை விட்டு நீங்கும்போது எப்பக்கம் மோதிற்றோ அதற்கேற்ற சுழற்சியோடு வெளிப்படும். ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வழி செல்லும். புரிக்குழலிலோ குண்டு தன் செல்வழியையே அச்சாகக் கொண்டு சுழன்று செல்லும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்றல்போல, சுழலும் குண்டும் தன் நெறி பிறழாது. இவ்வுண்மையை ஆங்கிலக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்சு 1742-இல் வெளியிட்ட பீரங்கி நூலில் ஆராய்ந்துரைத்தார்.

புரி பயன்பட வேண்டுமாயின் குண்டு குழலை இறுகப் பற்றுதல் வேண்டும். இறுக்கமான குண்டைக் கசடு படிந்த குழலுள் இறக்குதல் எளிதன்று. ஆகவே உருண்டைக் குண்டை எண்ணெய் தோய்ந்த துணித் துண்டில் வைத்து இறக்குவர். பிரான்சு நாட்டு மினியே என்பார், எளிதாக உள்ளே இறங்கி, வெடித்தவுடன் அடி விரிந்து புரியைப் பற்றும் நீள்குண்டை 1849-ஐ ஒட்டிச் செய்தார். அம்முறையில் எழுந்ததே 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டுத் துப்பாக்கி. அதன் தோட்டாக் காகிதத்திற் பூசிய கொழுப்புப் பற்றிய ஐயமே 1857-இல் வடநாட்டுச் சிப்பாய்களிடையே மூண்ட தீக்குப் பொறியாயிற்று என்பதை நாம் படித்துள்ளோம். புரிக்குழலுக்குக் குண்டின் இறுக்கமும், இறுக்கத்திற்கு நெய்ப்பும் இன்றியமையாதன என்னும் பௌதிகம், சரித்திரத்தினுள் எங்ஙனம் புகுந்தது காண்மின்!

புரியின் சுற்றும் கருதத்தக்கது. 66 அல்லது 72 அங்குலத்திற்கு ஒரு சுற்றாக மெல்லச் செல்லும் புரி உருண்டைக் குண்டுக்கு ஏற்றது. 28 அல்லது 32 அங்குலத்திற்கு ஒரு சுற்றாக விரையும் புரி நீள்குண்டுக்கு ஏற்றது. 48 அங்குலத்திற்கு ஒரு சுற்று இரண்டிற்கும் இடைப்பட்டது. எக்குண்டு இடப்போகின்றோம் என்பதைத் துணியாமற் புரியைத் தெரிதல், காலை அளவாமற் செருப்பு வாங்குதலை ஒக்கும்.

4. தெரிந்தெடுக்கும் முறை

வாங்குவோன் கடையிலே நோக்க வேண்டுவன இவை. முதலிற் குழல்: அடியிலிருந்து வாய்வரை வீக்கமோ வெடிப்போ கீறலோ இன்றியிருத்தல் வேண்டும், உள்ளே ஒளி செலுத்திப் பார்க்குமிடத்துத் துருவின் குழிகள் காணப்படலாகா. அடுத்து, சோதனை முத்திரை: தகுதிபெற்ற சாலையில் மிகை மருந்திட்டுச் சுட்டுச் சோதித்ததற்கு அடையாளமாகக் குழலிற் குத்திய முத்திரையே அதன் நற்சான்று. முத்திரையற்ற கள்ளப் பட்டறைத் துப்பாக்கி எவ்வளவு மலிவாயினும் தீண்டத்தக்கதன்று. அது சட்டத்திற்கும் பகை, வாங்குவோன் உயிருக்கும் பகை.

பின்னர்க் குதிரை: பாதியளவு பின்னிழுத்து நிறுத்தியவிடத்து, விசையை அழுத்தினாலும் அது விழாமல் நிற்றல் வேண்டும். முழுதும் இழுத்து நிறுத்தியவிடத்து, துப்பாக்கியை அசைத்தாலும் தட்டினாலும் நழுவலாகாது. கேப்பு மாட்டும் முளை தேய்வின்றிக் கழற்றி மாற்றத்தக்கதாயிருத்தல் நன்று. கடைசியாகக் கட்டை: கண்ணை மூடித் தோளிற் சார்த்திப் பின் கண்ணைத் திறந்தால், கழுத்தை வளைக்காமலே குறிமுளை பார்வையில் நிற்குமாயின் அது நம் உடலுக்கு ஏற்றது. அலங்காரப் பித்தளையும் செதுக்கு வேலையும் விலையை உயர்த்துமேயன்றிக் குறியைத் திருத்தா.

5. கையாளும் ஒழுக்கம்

எத்துப்பாக்கியும் கெட்டித்ததே எனக் கருதுக. கெட்டிக்குங் கோலைக் குழலுள் அடிவரை விட்டு, வாயின் நேரே விரலால் அடையாளம் பிடித்து, கோலை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தே பொருத்திப் பார்க்க. கோலின் நுனி தீத்துளை வரை எட்டுமாயின் குழல் வெறுமை; நான்கு விரற்கடை குறையுமாயின் உள்ளே மருந்தும் குண்டும் உள. இச்சோதனைக்குக் காசு வேண்டா, கல்வியும் வேண்டா. ஆயினும் இது செய்யாமையால் இறந்தார் பலர்.

மருந்தைக் கொம்பிலிருந்து நேரே குழலிற் சொரியலாகாது. முந்திய வெடியின் கனல் உள்ளே கிடப்பின் கொம்பு முழுதும் கையில் வெடிக்கும். அளவுக்குழாயில் அளந்து, அதனின்றே இடுதல் வேண்டும். அளவும் துப்பாக்கி செய்தோர் எழுதிக் கொடுத்ததைக் கடத்தலாகாது. குண்டை மருந்தின்மேற் படியும்வரை இறக்குதல் வேண்டும். இடையே வெற்றிடம் விட்டால் குழல் அவ்விடத்தே வீங்கிப் பிளத்தலும் கூடும். குதிரை விழுந்தும் வெடி கேளாவிடின் உடனே குழலை நோக்கித் திரும்புவோன் மூடன். வாயை இலக்கின் பக்கமே நிறுத்தி, குறைந்தது ஒரு நிமிடமேனும் காத்திருத்தல் வேண்டும். கெட்டிக்கும்போது முகமும் உடலும் வாய்க்கு நேரே நில்லாமை முதல் ஒழுக்கம். சுட்டு முடிந்த அன்றே நீர்விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூசுதல் கடைசி ஒழுக்கம்.

6. சட்டமும் இடமும்

இதுகாறும் கூறியன எந்நாட்டார்க்கும் பொது. இனிச் செண்பகத்தோப்பு மாணவர்க்குச் சிறப்பாவன கூறுவோம்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 21 வயது நிரம்பாதார் துப்பாக்கி உடைமையாகக் கொள்ளுதலும் அச்சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. ஆயினும் விதித்த வயதும் நிபந்தனையும் பொருந்தியவர் பயிற்சியின்போது பயன்படுத்தற்கு இடமுண்டு. அதன் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலின் பொருட்டு வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியைத் தனியே எடுத்துக் கூறுகின்றது. உரிமத் தாள்களில் 'எஸ்.பி.எம்.எல்.' என எழுதப்படும் ஒற்றைக்குழல் துப்பாக்கி பெரும்பாலும் வழவழப்பான குழலுடையது. புரிக்குழல் வேண்டுவோனோ தக்க காரணம் காட்டுதல் வேண்டும். குடகு நாட்டிற் குடகர்க்கு உரிமத்தினின்று விலக்களிக்கப்பட்டு, அவர் கைல்போதுத் திருநாளில் துப்பாக்கியை மாலையிட்டு வழிபடுதல் உண்மையே. அவ்வழக்கைக் காட்டி நாம் விலக்குக் கேட்டல் இயலாது.

இடத்தின் விதியோ இதனினும் கடியது. செண்பகத்தோப்பு, காட்டழகர் கோயிற் பக்கத்து மலை, மீன்வெட்டிப்பாறை அருவி ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்ட காடு, 1988-இல் நரை அணிற் சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தலைமை வனவுயிர்க் காப்பாளரின் எழுத்து மூலமான முன்னனுமதியின்றி எவரும் ஆயுதத்துடன் சரணாலயத்துட் புகலாகாது. சரணாலயத்தினின்று 10 கிலோமீட்டர்க்குள் புதிய துப்பாக்கி உரிமம் வழங்குதற்கும் அவருடைய முன்னிசைவு வேண்டும். நம் மாணவரின் தோப்பு மலையடிவாரத்தேயுள்ளது, அவ்வெல்லைக்குள் அடங்குவதே.

மேலும், துப்பாக்கி கிடைத்தபின்னும் அதனால் எதனைச் சுடுவது? யானையைச் சுடலாகாது, மானைச் சுடலாகாது, காட்டுப்பன்றியும் அச்சட்டத்தின் அட்டவணையில் உள்ளதே. அனுமதியின்றி அதனைக் கொல்லுதல் வேட்டைக் குற்றம். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நன்னோக்கத்துடன் செய்வதைச் சட்டம் பொறுக்கும். மாங்காயைக் காக்கக் கொல்லுதலைப் பொறாது. அன்றியும் இருளிற் புதர் அசையுமிடத்துச் சுடுவோன், அங்கே நிற்பது பன்றியோ, காவற்கிருக்கும் அண்டைத் தோப்புக்காரனோ, தேனெடுத்துத் திரும்பும் பளியனோ என அறிவது எங்ஙனம்? குண்டு, விட்டபின் மீள்வதன்று.

7. துணிவு

ஆகவே மாணவர் கேட்ட ஒரு வினா இரண்டாகப் பிரிகின்றது. தோப்புக்கு யாது வேண்டும் என்பது ஒன்று. விளையாட்டுக்கு யாது வேண்டும் என்பது மற்றொன்று. ஒரே துப்பாக்கியால் இரண்டும் ஆகும் என்னும் எண்ணமே முதற்பிழை.

தோப்புக்கு வேண்டுவது ஒளியும் ஓசையும் வேலியும், அண்டைத் தோப்பினருடன் முறைவைத்துக் காக்கும் ஒற்றுமையும், சேதம் நேர்ந்தால் வனத்துறைக்கு உடனே எழுதும் விண்ணப்பமுமே. விளையாட்டுக்கு வேண்டுவது முதலில் ஆசிரியர், துப்பாக்கி பிறகு. அரசினர் ஏற்றுக்கொண்ட ரைபிள் சங்கமொன்றிற் சேர்ந்து, காற்றுத் துப்பாக்கியில் மூச்சடக்கவும் விசையை மெல்ல அழுத்தவும் பழகுக. 1971-இல் தோன்றிய அனைத்துநாட்டுக் குழுவொன்று, வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியாளர்க்குப் போட்டிகள் நடத்துகின்றது. திரித்துப்பாக்கிப் போட்டிக்குத் தனெகசிமா என்றே பெயரிட்டுள்ளது. அங்கு இலக்கு காகிதமேயன்றி உயிரன்று. பழகிய பின்னரும் விருப்பம் நிற்குமாயின், 21 வயது நிரம்பி, உரிமம் பெற்று, சோதனை முத்திரையுள்ள ஒற்றைக்குழற் கேப்பு ரைபிளொன்றை, உருண்டைக் குண்டுக்கேற்ற மெல்லிய புரியோடு வாங்குக. இதுவே எம் துணிவு.

இவற்றைச் சுருக்கி அம்மாணவர்க்கு விடுமுறையிற் கடிதமாக எழுதினோம். கோலிட்டுச் சோதிக்கும் முறையையும் அதிற் சேர்த்திருந்தோம். பத்து நாளில் மறுமொழி வந்தது. தந்தையார் சுவரிலிருந்த பழந்துப்பாக்கியை இறக்கி, கோலை உள்ளே விட்டாராம். கோல் தீத்துளையை எட்டவில்லை. நான்கு விரற்கடைக்கு மேல் வெளியே நின்றது. உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் கொண்டுபோய் எடுத்தபோது, மருந்து உலர்ந்து கிடந்ததாம்; அதன்மேல் ஈய ரவையும் இருந்ததாம். "அதன் கீழேதான் என் தங்கையின் பிள்ளைகள் படுத்துறங்குவார்கள். சென்ற பொங்கலன்று மூத்தவன் கட்டிலின்மேல் ஏறி நின்று குதிரையை இழுத்து விளையாடினான். கேப்பு இல்லாமையால் யாதும் நேரவில்லை. வெறுந்துப்பாக்கிதானே என்று நாங்களும் சிரித்துக்கொண்டிருந்தோம், ஐயா" என எழுதியிருந்தார். கடிதத்தின் அடியில், "எனக்கு 21 ஆக இன்னும் இரண்டாண்டுகள் உள்ளன, அதற்குள் கற்றுக்கொள்கிறேன்" என்றொரு வரியும் இருந்தது.

அன்பர்காள்! நும் வீட்டுச் சுவரிலும் பாட்டனார் துப்பாக்கி தொங்குமாயின், புதியது வாங்குதல் பற்றி எண்ணுமுன், பெரியோர் ஒருவரை அழைத்து அதனுட் கோலிட்டுப் பார்க்கச் செய்ம்மின்.